பேசாமல் உட்கார்ந்திருப்பதும் செபமா?

கேள்வி: பத்து ஆண்டுகளுக்கும் மேலாகப் புனித ஜான் மரிய வியான்னிமேல் பக்தி வைத்திருக்கிறேன். செபச் சீட்டை வைத்து நவநாள், அதாவது ஒன்பது நாள் செபம், செய்வேன். கவலை எது வந்தாலும் அவரிடம்தான் முதலில் சொல்வேன். அண்மையில் ஒப்புரவுக்கு, அதாவது பாவங்களை அறிக்கையிட, போனபோது குருவானவர், "செபங்களைச் சொல்லி முடித்த பிறகு நற்கருணைப் பேழை முன்னால் அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் உட்காருங்கள்" என்றார். முயன்று பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் மனம் வீட்டுக்கணக்கில் போய் நிற்கிறது, இல்லையென்றால் தூக்கம் வருகிறது. வாயைத் திறக்காமல் சும்மா இருப்பது எப்படிச் செபமாகும்? புனிதரிடம் வேண்டுவதை விட்டுவிடச் சொல்கிறாரா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், சகோதரி. விட்டுவிடச் சொல்லவில்லை. உங்கள் குருவானவர் சொன்ன யோசனையே வியான்னி பங்குத்தந்தையாக இருந்த ஊரிலிருந்து வந்ததுதான். நீங்கள் பக்தி வைத்திருக்கும் புனிதர் இருந்திருந்தால் அவரும் உங்களை, நற்கருணையில் ஆண்டவர் இருக்கிறார் என்று நாம் நம்பும் அந்தப் பேழை முன்னால்தான் உட்கார வைத்திருப்பார்.

பிரான்சில் லியோன் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது ஆர்ஸ். 1818 பிப்ரவரியில் வியான்னி அங்கே போனபோது மொத்தமே ஏறக்குறைய 230 பேர் இருந்த சிற்றூர். அந்த ஊர் விவசாயி ஒருவர் வயலுக்குப் போகிற வழியில் மண்வெட்டியைக் கோயில் வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்காருவார். வெகு நேரம் அப்படியே இருப்பார். உதடுகூட அசையாது. பங்குத்தந்தைக்கு ஆச்சரியம். "ஆண்டவரிடம் என்னதான் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார். "ஒன்றும் சொல்வதில்லை சாமி. நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார்" என்றார் விவசாயி.

வியான்னி இந்தப் பதிலைச் சாகும்வரை மறக்கவில்லை. மறையுரைகளில் திரும்பத் திரும்பச் சொன்னார். 1992-ல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஆழ்நிலை செபத்தை விளக்கும் இடத்தில் (எண் 2715) இந்த விவசாயியின் வார்த்தையை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது. குருவானவர் பங்குமக்களுக்குச் செபிக்கச் சொல்லித் தந்தார் என்பது வழக்கமான கதை. இங்கே பங்கு மனிதர் ஒருவர் குருவானவருக்குச் சொல்லித் தந்திருக்கிறார். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

அந்தப் பதிலை இன்னொரு தடவை வாசியுங்கள். "நான் பார்க்கிறேன்" என்பதோடு அது முடியவில்லை, "அவர் என்னைப் பார்க்கிறார்" என்றும் இருக்கிறது. நாம் மௌன செபத்தில் திணறுவதற்குப் பாதிக் காரணம், அந்த இரண்டாவது பாதியை மறந்துவிடுவதுதான். முழு வேலையும் நம்முடையது என்று நினைத்துக்கொள்கிறோம். மனத்தை நிறுத்த வேண்டும், எண்ணங்களை விரட்ட வேண்டும், ஏதாவது உணர வேண்டும் என்று மல்லுக்கட்டுகிறோம். அந்த விவசாயி அப்படி எதையும் செய்யவில்லை. பார்க்கப்படுவதற்கு வந்து உட்கார்ந்தார், அவ்வளவே.

கிறிஸ்தவ மௌனம் என்பது மனத்தை வெறுமையாக்கும் பயிற்சி இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இதைப் பற்றிக் குழப்பம் அதிகமானபோது, கிறிஸ்தவத் தியானத்தின் சில அம்சங்கள் குறித்து 1989 அக்டோபரில் வத்திக்கானின் நம்பிக்கைக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. செபம் என்பது மனிதருக்கும் கடவுளுக்கும் இடையில் நடக்கும் தனிப்பட்ட உரையாடல் என்பதுதான் அதன் மையம். ஆகவே எதிரே ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை இருந்தால் அது செபம். அந்த நம்பிக்கை இல்லாமல் அமைதியாக இருந்தால் அது ஓய்வு. ஓய்வும் நல்லதுதான், ஆனால் உங்கள் குருவானவர் கேட்டது அதை அல்ல.

விவிலியத்திலும் இது புதிதல்ல. சாமுவேலின் தாய் அன்னா ஆலயத்தில் செபித்தபோது உதடு மட்டும் அசைந்தது, குரல் கேட்கவில்லை. குரு ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொண்டார். சத்தமில்லாத செபத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது அவ்வளவு பழைய வழக்கம்! எப்படிச் செபிப்பது என்று நமக்குத் தெரியாதபோது தூய ஆவியாரே சொல்லில் அடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்று பவுலும் உரோமையருக்கு எழுதியிருக்கிறார்.

இப்போது வியான்னிக்கு வருவோம். அவருடைய வாழ்க்கையில் மௌனத்துக்கு எவ்வளவு நேரம் கிடைத்தது தெரியுமா? கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. மக்களின் பாவ அறிக்கையைக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சில நாள்களில் 16 மணி நேரம்வரை உட்கார்ந்திருந்தார். கடைசிக் காலத்தில் ஆண்டுக்குப் பல்லாயிரம் பேர் வந்து குவிந்தார்கள். தனிமைக்காக ஏங்கி, ஊரைவிட்டே போய்விடலாம் என்று ஒரு தடவைக்கு மேல் கிளம்பியிருக்கிறார். 1853-ல் அப்படிக் கிளம்பியபோது ஊர்மக்கள் வழிமறித்துத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து தொட்டியில்தான் உட்கார்ந்தார். அவர் மௌனத்தைத் தேடிப் பிடித்த இடம் விடியலுக்கு முன் இருட்டில் கிடந்த கோயில். ஊர் தூங்கும்போதே எழுந்து பேழை முன்னால் முழந்தாளிடுவார்.

"எனக்கு நேரமில்லை, மனசு ஒருநிலையில் இல்லை, மௌனமெல்லாம் மடத்தில் இருப்பவர்களுக்கு" என்று சொல்ல வருகிறவர்களுக்கு இந்தப் புனிதர் கொஞ்சம் சங்கடமான பாதுகாவலர். ஒன்று மட்டும் எச்சரிக்கை: அவருடைய உபவாசத்தையும் தூக்கமின்மையையும் நகலெடுக்க வேண்டாம். இளம் வயதில் சில உருளைக்கிழங்குகளை வேகவைத்து நாள்கணக்கில் அதையே தின்று காலம் தள்ளினார். பிற்பாடு அவரே அதையெல்லாம் தன் இளமைக் காலத்துக் கிறுக்குத்தனம் என்று சொல்லியிருக்கிறார்.

சரி, நாளைக்கு என்ன செய்வது?

அரை மணி நேரத்தில் தொடங்காதீர்கள். குருவானவர் சொன்ன அளவைக் குறைக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அங்கே போய்ச் சேர வழி சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் சலிப்பாக இருந்தாலும் முன்னதாக எழுந்திருக்கக் கூடாது. கடிகாரத்தை அடிக்கடி பார்ப்பீர்கள் என்றால் வெட்கப்பட வேண்டாம். அவிலாவின் புனித தெரேசா, தாம் குறித்துவைத்த செப நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று சில ஆண்டுகள் காத்துக் கிடந்ததாகத் தாமே எழுதியிருக்கிறார். மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே ஆசிரியர், என்று திருச்சபை அறிவித்த பெண்மணி அவர்.

நவநாள் செபத்தைக் கையில் வைத்துக்கொண்டே போங்கள். அதை மெதுவாக, ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். முடித்ததும் சீட்டை மடித்து வைத்துவிட்டு, "தந்தையே, உமக்குத் தெரிந்த அந்த மௌனத்துக்கு என்னையும் கூட்டிப் போம்" என்று உங்கள் சொந்த வார்த்தையில் புனிதரிடம் ஒரு வரி கேளுங்கள். அப்புறம் பேழையைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொள்வதைவிடத் திறந்து வைத்திருப்பது தொடக்கத்தில் எளிது. எரிகிற விளக்கும் பேழையின் கதவும் கண்ணுக்கு ஒரு இடம் கொடுக்கின்றன. வயதான வியான்னிக்குக் குரல் தேய்ந்து பேச்சே விளங்காமல் போன நாள்களில், மறையுரை நடுவில் பேழையைக் காட்டி "அவர் அங்கே இருக்கிறார்" என்று கண்ணீரோடு சொல்வாராம். அந்த ஒரு வாக்கியத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டாலே பத்து நிமிடம் போய்விடும்.

பராக்கு வரும். நிச்சயம் வரும். வீட்டுக்கணக்கு வரும், யாரோ சொன்ன சொல் வரும், அடுப்பை அணைத்தோமா என்ற சந்தேகம் வரும். அதை விரட்டினால் அதனோடேயே பேசிக்கொண்டிருப்பீர்கள். கவனித்ததும் "ஆண்டவரே" என்ற ஒரு சொல்லோடு பார்வையைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். பத்து நிமிடத்தில் முப்பது தடவை திரும்ப வேண்டியிருந்தால் அன்றைக்கு முப்பது தடவை அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று கணக்கு வையுங்கள். ஒரே கவலை மறுபடி மறுபடி வந்தால் அது பராக்கு இல்லாமலும் இருக்கலாம். அந்தக் கடனையோ அந்தப் பிள்ளையையோ அவர் முன்னால் வைத்துவிட்டு, விளக்கம் சொல்லாமல் அவரோடு சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். லிசியே நகரின் குழந்தை தெரேசா செபத்தில் பல ஆண்டுகள் தூங்கி விழுந்தவர். பெற்றோருக்குப் பிள்ளை தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் பிரியம் ஒன்றுதான் என்று எண்ணித் தேற்றிக்கொண்டார். அது ஆறுதல். ஆனால் நாள் முழுக்க உழைத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தால் உடல் தூங்கத்தான் செய்யும். நேரத்தை மாற்றிப் பாருங்கள். அதற்கும் மேலே, மௌனத்தில் உட்கார்ந்தாலே தாங்க முடியாத பயமோ பழைய காயங்களோ கிளம்பி நாள் முழுக்க ஆட்டிப் படைத்தால், தனியாகச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். குருவானவரிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் மருத்துவரையும் பாருங்கள்.

இனிப் புனிதர் பக்தி. கடவுளுக்கு மட்டுமே ஆராதனை. புனிதர்களுக்கு நாம் செலுத்துவது வணக்கம், அவர்களிடம் கேட்பது பரிந்துரை. படத்துக்கும் சுரூபத்துக்கும் செய்யும் மரியாதை அதில் காட்டப்பட்டிருப்பவரைச் சென்றடைகிறது என்று 787-ல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் தெளிவாக்கிவிட்டது. வியான்னியே புனித பிலோமினாமேல் பெரும் பக்தி கொண்டவர். தம்மிடம் வந்தவர்கள் குணமடைந்தால் பெருமையை அந்தப் புனிதை பக்கம் தள்ளிவிடுவார். ஆகவே புனிதரிடம் கேட்பதில் தவறே இல்லை.

தவறு எங்கே வரும் என்றால், நவநாளை ஒப்பந்தமாக்கும்போது. ஒன்பது நாளும் விடாமல் சொன்னேன், ஒரு நாள் தவறினால் பலன் போய்விடும், இன்னும் வேலை கிடைக்கவில்லையே என்று கணக்குக் கேட்கிற மனநிலை. மௌனம் இதற்கு நல்ல மருந்து என்று நினைக்கிறேன். கேட்டு முடித்த பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவர், கிடைக்கப் போவதற்காக மட்டும் வரவில்லை என்று காட்டுகிறார். உங்களுக்கு இந்த யோசனையை உங்கள் குருவானவர் கொடுத்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

செபமாலையையும் குறைக்க வேண்டாம். ஆழ்ந்து நோக்குதல் இல்லாத செபமாலை ஆன்மா இல்லாத உடல் என்ற பொருளில் திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-ல் எழுதினார். வாய்ச் செபமும் மௌனமும் எதிரிகள் அல்ல என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியாது. மறையுண்மையை, அதாவது அந்தப் பத்து மணிகளுக்குத் தியானிக்க வேண்டிய நிகழ்வை, அறிவித்ததும் அருள்நிறை மந்திரத்துக்குத் தாவாமல் அரை நிமிடம் நின்று பாருங்கள். பத்து நிமிடத்துக்கு அது நல்ல ஒத்திகை.

வியான்னியின் திருநாள் ஆகஸ்ட் 4, அவர் 1859-ல் இறந்த நாள். அதற்கு முந்தைய நவநாள் ஜூலை 26-ல் தொடங்கும். ஒன்பது நாளும் இப்படிச் செபச் சீட்டும் பத்து நிமிட மௌனமுமாகச் செய்துவிட்டு அடுத்த ஒப்புரவில் குருவானவரிடம் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். "ஒன்றும் நடக்கவில்லை" என்பதுதான் பதில் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள். அரை மணி நேரத்துக்கு எப்போது போகலாம் என்று அவர் பார்த்துச் சொல்வார்.