நேரலையில் யூத வெறுப்புப் பேச்சு: அறிவிப்பாளர் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: பிரிட்டனில் சமூகப் பண்பலை வானொலி ஒன்றில் ஊதியமின்றித் தமிழ் நிகழ்ச்சி நடத்துகிறேன். காசா பற்றிய நேரலை விவாதத்தில் தொலைபேசியில் வந்த நேயர், “உலகத்து வங்கிகளும் ஊடகங்களும் யூதர்கள் கையில்தான் இருக்கின்றன, உண்மை எப்படி வெளியே வரும்?” என்றார். நன்றி சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குப் போய்விட்டேன். யூத வெறுப்பு என்று புகார் வந்திருக்கிறது. முந்தைய வாரம் விருந்தினர் ஒருவர் மதச் சடங்கு ஒன்றைக் கிண்டலடித்ததற்கும் ஒரு புகார். இரண்டுக்கும் மன்னிப்புக் கேட்டுவிட்டு இனி மதமும் மத்திய கிழக்கும் பேசவே வேண்டாம் என்கிறார் நிலைய நிர்வாகி. அவர் சொல்வது சரியா?

பதில்: முதல் புகாருக்கு உடனே மன்னிப்புக் கேளுங்கள். இரண்டாவதற்கு, ஒலிப்பதிவை முழுதாகக் கேட்கும்வரை மன்னிப்புக் கேட்க வேண்டாம். பேசவே வேண்டாம் என்ற தடையை எந்த விதியும் உங்களிடம் கேட்கவில்லை. அது நிர்வாகியின் பயம் மட்டுமே.

இரண்டு கடிதங்களிலும் “மனம் புண்பட்டது” என்ற அதே சொற்கள் இருக்கும். அதனால் இரண்டும் ஒரே இனம்போலத் தெரியும். ஆனால் ஒன்றில் அடிபட்டது ஒரு நம்பிக்கை, மற்றதில் அடிபட்டவர்கள் மனிதர்கள். பிரிட்டிஷ் சட்டம் இவ்விரண்டையும் வெவ்வேறாகவே பார்க்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தெய்வ நிந்தனைக் குற்றம் 2008ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே அது நடைப்பிணம்தான். 2005 ஜனவரியில் பிபிசி ‘ஜெரி ஸ்பிரிங்கர்: தி ஓபரா’ என்ற நையாண்டி இசை நாடகத்தை ஒளிபரப்பியபோது கிறிஸ்தவர்களிடமிருந்து ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. விதிமீறல் இல்லை என்று ஒலி, ஒளிபரப்புகளைக் கண்காணிக்கும் பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் முடிவு செய்தது. தெய்வ நிந்தனை வழக்குத் தொடர நடந்த முயற்சியையும் 2007இல் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. எத்தனை பேர் புண்பட்டார்கள் என்ற கணக்கு அங்கே எடுபடவில்லை.

1986ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம் இன வெறுப்பைத் தூண்டுவதை ஒரு பகுதியிலும், 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் சேர்க்கப்பட்ட மத வெறுப்பைத் தூண்டுவதை இன்னொரு பகுதியிலும் வைத்திருக்கிறது. மத வெறுப்புக் குற்றத்துக்குப் பேச்சு மிரட்டலாக இருக்க வேண்டும், வெறுப்பைத் தூண்டும் நோக்கமும் வேண்டும். மதத்தைக் கேலி செய்வதும் இகழ்வதும் குற்றமாகாது என்று அந்தப் பகுதியே வெளிப்படையாகச் சொல்கிறது. இன வெறுப்பில் வரம்பு இதைவிடத் தாழ்வானது: இழிவுபடுத்தும் பேச்சு வெறுப்பைக் கிளறக்கூடிய சூழ்நிலையில் பேசப்பட்டாலே போதும். யூதர்கள் ஒரு மதத்தினர் மட்டுமல்லாமல் ஓர் இனக்குழுவாகவும் சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுகிறார்கள், சீக்கியர்களைப் போலவே. எனவே யூத வெறுப்பை ‘மத உணர்வு புண்பட்டது’ என்ற பெட்டிக்குள் போட்டு மூடுவது அடிப்படையிலேயே பிழை.

உங்கள் நேயர் பேசியது குற்றமா? வழக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரலின் சம்மதம் இல்லாமல் இத்தகைய வழக்கு நடக்கவும் முடியாது. ஆனால் ‘குற்றமில்லை’ என்பது வானொலிக்குப் போதுமான கவசம் ஆகாது. ஆஃப்காமின் ஒலிபரப்பு விதித்தொகுப்பு சட்டத்தைவிட இறுக்கமானது. மனிதர்களையோ குழுக்களையோ மதங்களையோ சமூகங்களையோ இழிவாக நடத்தும் பேச்சு, சூழலால் நியாயப்படுத்தப்பட்டாலன்றி ஒலிபரப்பாகக் கூடாது என்கிறது 3.3ஆவது விதி. மனம் புண்படுத்தக்கூடிய எதற்கும் சூழல் நியாயம் வேண்டும் என்பது 2.3. சூழல் என்றால் நிகழ்ச்சியின் தன்மை, நேரம், கேட்பவர்களின் எதிர்பார்ப்பு, முன்னெச்சரிக்கை, கூடவே அந்தப் பேச்சு மறுக்கப்பட்டதா என்பது. நீங்கள் நன்றி சொல்லி நகர்ந்ததில்தான் சிக்கல் இருக்கிறது.

அது அவருடைய கருத்துதானே என்று கேட்கலாம். வங்கியும் பத்திரிகையும் யூதர் கையில் என்ற கதைக்கு வயது அதிகம். ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்ற போலி ஆவணம் 1903இல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றில் வெளியானது. யூதத் தலைவர்கள் கூடி உலகை ஆளச் சதி செய்வதாக அதில் புனைந்திருந்தார்கள். 1864இல் பிரெஞ்சு வழக்கறிஞர் மோரிஸ் ஜோலி மூன்றாம் நெப்போலியனை நையாண்டி செய்து எழுதிய நூலிலிருந்து பத்தி பத்தியாகத் திருடியது அது என்பதை 1921இல் லண்டன் ‘தி டைம்ஸ்’ அம்பலப்படுத்தியது. அம்பலமான பிறகும் நாஜிகள் அதைப் பரப்பினார்கள். உங்கள் நேயருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது, எங்கோ கேட்டதைத் திருப்பிச் சொல்லியிருப்பார். தெரிந்திருக்க வேண்டியவர் ஒலிவாங்கியின் முன் இருப்பவர்.

இனி அப்படியொரு அழைப்பு வந்தால் வெட்டிவிட்டு ஓட வேண்டியதில்லை. “ஐயா, இஸ்ரேல் அரசைச் சொல்கிறீர்களா, யூத மக்களைச் சொல்கிறீர்களா?” என்று கேளுங்கள். பெரும்பாலானோர் அரசைத்தான் என்பார்கள். பேச்சு தானாகவே நேராகும். மக்களைத்தான் என்று பிடிவாதமாக நின்றால், “அது நூறாண்டுக்கு முன்பே பொய் என்று நிரூபிக்கப்பட்ட சதிக்கதை, இந்த நிகழ்ச்சியில் அதற்கு இடமில்லை” என்று சொல்லி இணைப்பைத் துண்டியுங்கள். மழுப்பலாக, “அது உங்கள் கருத்து, நிலையம் பொறுப்பல்ல” என்று சொல்லாதீர்கள். உரிமம் பெற்ற நிலையம்தான் பொறுப்பு, அந்த ஒரு வரியால் பொறுப்பு கைமாறாது.

காசாவில் இஸ்ரேல் ராணுவம் செய்வதைக் கடுமையான சொற்களால் கண்டிக்க உங்கள் நேயர்களுக்கு முழு உரிமை உண்டு. பிரிட்டிஷ் அரசு 2016இல் ஏற்ற, சர்வதேச யூதப் பேரழிவு நினைவுக் கூட்டணியின் வரையறைகூட, வேறு எந்த நாட்டையும் விமர்சிப்பதுபோல இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பாகாது என்கிறது. அந்த வரையறையின் சில எடுத்துக்காட்டுகள் விமர்சனத்தின் குரல்வளையை நெரிக்கின்றன என்ற வாதமும் உண்டு. அதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் உங்களுக்கு வந்த வாக்கியம் எந்த வரையறையிலும் தப்பாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உள்ளூர் வானொலியில், எல்லா நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, அரசியல் சர்ச்சையில் ஒரே தரப்பு அளவுக்கு மீறி ஓங்கியிருக்கக் கூடாது.

நேரலை பெரிய நிறுவனங்களையே கவிழ்த்திருக்கிறது. 2025 ஜூனில் கிளாஸ்டன்பரி இசை விழாவில் பாப் வைலன் என்ற இசைக்குழு இஸ்ரேல் ராணுவத்துக்கு மரணம் என்று முழக்கமிட்டபோது, பிபிசி திரையில் எச்சரிக்கை மட்டும் போட்டுவிட்டு ஒளிபரப்பைத் தொடர்ந்தது. நிறுத்தியிருக்க வேண்டும் என்று பின்னர் ஒப்புக்கொண்டது. அபாயம் அதிகமுள்ள இசை நிகழ்ச்சிகளை இனி நேரலையில் தருவதில்லை என்றும் அறிவித்தது. உங்கள் நிலையத்தில் சில விநாடி தாமதக் கருவி இருந்தால் இயக்கி வையுங்கள். இல்லையென்றால் அழைப்பவரிடம் முதலில் ஒருவர் பேசி, என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டறிந்து இணைக்கட்டும்.

இப்போது புகாரைக் கவனிப்போம். வானொலி நிலையம் பதிவுகளை 42 நாள் வைத்திருக்க வேண்டும். ஒலிபரப்பான 20 வேலை நாளுக்குள் ஆஃப்காமிடம் புகார் செய்யலாம். எனவே இன்றே நகல் எடுத்து வையுங்கள். ஆஃப்காம் தமிழ்ப் பகுதியைச் சுயேச்சையாக மொழிபெயர்க்க வைத்து, நிலையத்தின் கருத்தையும் கேட்கும். அதற்குள், அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில், என்ன பேசப்பட்டது, அது ஏன் பொய், நீங்கள் ஏன் மறுத்திருக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். “யாரையாவது புண்படுத்தியிருந்தால்” என்று இழுப்பது மன்னிப்பாகாது. தானாக முன்வந்து திருத்திய நிலையத்தின் விவகாரத்தை ‘தீர்க்கப்பட்டது’ என்று ஆஃப்காம் முடித்துக்கொள்வதும் உண்டு.

இரண்டாவது புகாருக்குப் பதிவைக் கேட்கும்போது, விருந்தினர் சடங்கைக் கேலி செய்தாரா, சடங்கு செய்பவர்களைக் கேலி செய்தாரா என்று பாருங்கள். அது மத நிகழ்ச்சியாக இருந்தால், நம்பிக்கையாளர்களின் கருத்துகளை இழிவாக நடத்தக் கூடாது என்ற தனி விதி பொருந்தும். பொதுவான அரட்டையில் வந்த கிண்டலாக இருந்தால், புகார் அனுப்பியவருக்கு மரியாதையாகப் பதில் எழுதுங்கள், அதே சடங்கைப் பற்றிப் பேச அவரையே ஒரு வாரம் அழையுங்கள். காசா நிகழ்ச்சியின் பதிவு நிலையத்தின் இணையதளத்தில் இன்னும் கிடந்தால், அந்த அழைப்பை வெட்டிய பிறகு மட்டும் மீண்டும் ஏற்றுங்கள்.