அந்த ஏழு பேர்

ஐயா, வணக்கம்.

என் தாத்தா எங்கள் ஊரில் பேண்ட் செட் வைத்திருந்தார். அவர் கிளாரினெட். தாத்தாவும் கூட ஏழு பேரும் சீருடையில் நிற்கும் புகைப்படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. அந்தக் குழுவின் வரலாற்றை எழுத ஆசை. எந்த வருஷம் தொடங்கியது என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எப்படி உறுதி செய்வது? "வெள்ளைக்காரன் வாத்தியத்துக்கு என்னடா வரலாறு" என்று சித்தப்பா வேறு கேட்கிறார்.

ஒரு வாசகர், தஞ்சை மாவட்டம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் எங்கள் தெருவில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம் போனது. செண்டை மேளம் வைத்திருந்தார்கள். நன்றாகவே வாசித்தார்கள். என் காதுதான் பேண்ட் செட்டின் பெரிய பேஸ் டிரம்மைத் தேடிக்கொண்டிருந்தது.

வெள்ளைக்காரன் வாத்தியம் என்று உங்கள் சித்தப்பா, அதுவும் தஞ்சை மாவட்டத்துக்காரர், கேட்கலாமா? தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி (1798–1832) அரண்மனையிலேயே ஐரோப்பிய பேண்ட் வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் இங்கிலீஷ் மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத வரிகள் போட்டார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பாட்டு வகுப்புப் பிள்ளைகள் பாடுகிறார்கள். கிளாரினெட்டைச் சதிருக்குள், அதாவது பரதநாட்டியத்தின் பழைய வடிவத்துக்குள், கொண்டுவந்தவர் மகாதேவ நட்டுவனார், அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே. அதே கிளாரினெட்டில் முழுக் கச்சேரி செய்துதான் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் சங்கீத கலாநிதி ஆனார். சாக்ஸபோன் வித்வான் கத்ரி கோபால்நாத் அந்த வாத்தியத்தை முதலில் கேட்டது மைசூர் அரண்மனை பேண்டில். இருநூறு வருஷமாக நம் வீட்டில் சோறு தின்று வளர்ந்த பிள்ளையை 'நீ யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்பது அநியாயம். வயலினைப் பற்றி சித்தப்பா இப்படிக் கேட்பாரா?

வருஷத்தை விடுங்கள். பழைய கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிகை ஏதாவது அகப்பட்டால் போடுங்கள், இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். "கூட ஏழு பேரும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன எழுத்து? தாத்தா ஒருவர் ஊதினால் பேண்ட் ஆகிவிடுமா?

என் சின்ன வயதில் எங்கள் ஊரிலும் ஒரு செட் இருந்தது. அதில் பேஸ் டிரம் வாசித்தவரை ஊரே 'டிரம்மு அண்ணன்' என்றுதான் கூப்பிடும். மழைக்காலக் கல்யாணங்களில் தோல் தளர்ந்துபோகும். சமையல்கட்டுக் கோட்டை அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி டிரம்மைச் சாய்த்து வைத்து, உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்ப்பார். அப்புறம் கயிறுகளை ஒவ்வொன்றாக இழுத்து முறுக்குவார். வார் தோளை அறுக்காமல் இருக்கத் துண்டை நாலாக மடித்துக் கொடுப்பார். ஊர்வலம் முடிந்து கடைசிப் பந்தியில் உட்காரும்போது அந்தத் துண்டு பிழியலாம்போல நனைந்திருக்கும். துணி சுற்றிய அந்தக் கோலை ஒருமுறை என் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னார். அடித்தேன், வயிற்றுக்குள் அதிர்ந்தது.

பல வருஷம் கழித்து ஊருக்குப் போனபோது டீக்கடைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பேண்ட் தொப்பியோடு அவர் முகம். கீழே எனக்குத் தெரியாத யாரோ ஒருவருடைய பெயர். இரண்டு தடவை படித்தேன். இன்று எவ்வளவு யோசித்தாலும் அந்தப் பெயர் வரவில்லை, தம்பி. அவர் முழங்காலில் இருந்த தழும்பு நினைவிருக்கிறது, பெயர் இல்லை.

மெட்ராஸின் நாதமுனி சகோதரர்கள் பேண்ட் வாத்தியங்களில் கர்நாடக உருப்படிகள் வாசித்ததை 1974இல் ராபர்ட் கார்ஃபியாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒலிப்பதிவு செய்தார். அதனால் இன்று கேட்க முடிகிறது. உங்கள் தாத்தாவின் குழுவைத் தேடி அப்படி யாரும் வரவில்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போங்கள். சும்மா செல்போனில் காட்டாதீர்கள், பெரிதாகப் பிரிண்ட் போடுங்கள். வயதானவர்களுக்குக் கண் தெரிய வேண்டாமா? யார் எங்கே நிற்கிறார், சைடு டிரம் யார், ஜால்ரா யார், கல்யாணமே இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள், சீருடையை யார் தைத்தார், எல்லாம் கேளுங்கள். சொல்லச் சொல்ல அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பேஸ் டிரம்காரரிலிருந்து ஆரம்பியுங்கள். பெயர் கிடைத்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள்.