பம்பு போச்சு என்று யார் சொன்னது?

கேள்வி: சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று மட்டும் கேட்கிறது. பெட்ரோல் அடைப்பாக இருக்கும் என்று இன்ஜெக்டர் கிளீனர் இரண்டு போத்தல் ஊற்றிவிட்டேன். இன்னொன்று ஊற்றலாமா?

பதில்: பேட்டரியைப் பாருங்கள்.

கேள்வி: 2012 சாகா காடி (கார்). ஒரு நாள் காலையில் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் இஞ்சின் பிடிக்கவில்லை. போமன் (மெக்கானிக்) வந்து பார்த்து, பெட்ரோல் பம்பு போச்சு என்று சொல்லி 450 வெள்ளிக்கு (ரிங்கிட்) மாற்றினார். இரண்டு நாள் ஓடி மறுபடி நின்றுவிட்டது. இப்போது இஞ்சின் கம்ப்யூட்டர் போச்சாம், 900 வெள்ளியாம். தோட்டத்துப் பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன், அவ்வளவுக்கு எங்கே போவேன்? (மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அக்கா)

பதில்: அக்கா, 900 வெள்ளியை எடுக்காதீர்கள். பம்பை மாற்றும் முன் பிரஷர் எவ்வளவு காட்டியது என்று அவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது, மீட்டரே மாட்டியிருக்க மாட்டார்.

இது எனக்குப் பழைய வயிற்றெரிச்சல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் காடி பிடிக்கவில்லை என்றால் முதலில் பம்பு, அடுத்து கம்ப்யூட்டர், கடைசியில் 'காடியே பழசு, வித்துடுங்க'. சோதிக்க ஆளில்லை, மாற்ற மட்டும் ஆள் இருக்கிறது. ஊகம் அவருடையது, காசு நம்முடையது.

ரேடியோவையும் ஏர்கோனையும் அணைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்புங்கள். பிள்ளை யாரையாவது பின்சீட்டில் காது வைக்கச் சொல்லுங்கள், பம்பு அதற்கடியில் டாங்கில்தான் இருக்கிறது. இரண்டு வினாடி 'ங்ங்ங்' என்று சத்தம் வந்தால் பம்பு சுற்றுகிறது. (பழைய கார்புரேட்டர் காடிகள் பலவற்றில் பம்பு இஞ்சின் பக்கத்திலேயே இருக்கும். அதற்கு இந்த வித்தை உதவாது.) சத்தம் இல்லையென்றால் பியூஸ், அடுத்து ரிலே (பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), அடுத்து வயர் என்று பாருங்கள். பம்பின் பிளக் வரைக்கும் 12 வோல்ட் வந்து, எர்த்தும் சரியாக இருந்து, அப்புறமும் பம்பு ஊமையாக இருந்தால்தான் அது செத்தது என்று அர்த்தம். மின்சாரமே வரவில்லையென்றால் தங்கத்தில் பம்பு செய்து போட்டாலும் சுற்றாது.

சத்தம் வந்தும் பிடிக்கவில்லையா? பிரஷர் மீட்டர் மாட்டச் சொல்லுங்கள். இன்ஜெக்ஷன் காடிகள் பலவற்றில் 3 பார் (அழுத்த அளவு) வாக்கில் காட்ட வேண்டும். மீட்டர் இல்லாத பட்டறையில், நாலைந்து முறை ஸ்டார்ட்டர் அடித்துவிட்டு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கட்டும். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து வாசனை அடித்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறிப் பக்கம் தேட வேண்டும்.

'இரண்டு நாள் ஓடியது' என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதில்தான் சந்தேகம். பம்பை மாற்றும்போது வயரை அசைத்திருப்பார், விட்டுப்போன இணைப்பு தற்காலிகமாக ஒட்டியிருக்கும். காடி செம்பனை ஓரத்தில் நிற்கிறதா? எலிக்குப் பயந்து தோட்டமே ஆந்தைக்குக் கூடு கட்டி வைக்கிறது. அந்த எலி உங்கள் வயரை மட்டும் விட்டுவைக்குமா? பின்சீட்டைத் தூக்கி, பல் தடம் இருக்கிறதா பாருங்கள்.

நானும் ஏமாந்தவன்தான். என் பழைய வீரா காடி ஒரு தீபாவளிக்கு முதல் நாள் படுத்துக்கொண்டது. ஈப்போவில் ஒரு கடையில் 'ஒரிஜினல்' பம்பு என்று 320 வெள்ளி கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தால் கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்தே குறைகிறது. கோளாறு 12 வெள்ளி ரிலேயில் இருந்தது. அந்தப் பெட்டியில் இப்போது என் மனைவி சட்டைப் பொத்தான் போட்டு வைத்திருக்கிறாள், விருந்தாளி வந்தால் எடுத்தும் காட்டுவாள்.

கழற்றிய பம்பைத் திருப்பிக் கேளுங்கள். அது உங்கள் பொருள். வீட்டில் வைத்துச் சோதிக்க வேண்டாம், பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். வேறு பட்டறையில் கொடுங்கள். நல்ல பம்பு என்று தெரிந்தால் அதை எழுதி வாங்கிக்கொண்டு, ரசீதோடு பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, பொதுவாக அனுமதியும் இல்லை. 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளுக்கு மட்டுமல்ல, 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இந்த மாதிரி பழுதுபார்ப்பு வேலைக்கும் பொருந்தும். போமனிடம் சண்டை வேண்டாம் அக்கா. தீர்ப்பாயப் படிவத்தைக் காட்டினாலே சிலருக்குக் குரல் இறங்கிவிடும்.

கேள்வி: டீசல் பிக்கப்பில் தம்பி ஞாபகமறதியாக 20 லிட்டர் ரோன்95 பெட்ரோல் ஊற்றிவிட்டான். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாமா?

பதில்: கூடாது. சாவியையே தொடாதீர்கள். அந்தப் பம்புக்கு டீசல்தான் மசகு, பெட்ரோல் அதைத் தேய்த்துவிடும். இழுத்துக்கொண்டு போய் டாங்கைக் காலி செய்யுங்கள். ஓட்டாமல் எழுதிக் கேட்டீர்களே, அதற்கே தம்பி உங்களுக்கு ஒரு சாப்பாடு வாங்கித் தரலாம்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் 45 வெள்ளிக்கு விற்கிறார்கள். ஸ்டார்ட்டும் சுலபம், பெட்ரோலும் மிச்சம் என்கிறார்களே?

பதில்: என் வீட்டு ஐஸ்பெட்டியில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். அந்த வேலையை நன்றாகச் செய்கிறது.

கேள்வி: தெரிந்தவரிடம் 2004 காஞ்சில் காடி வாங்கினேன், 3,800 வெள்ளி ரொக்கம். ரசீது இல்லை. ராத்திரி மழையில் பார்த்தேன். புஸ்பாகோமில் (வாகனச் சோதனை நிலையம்) பாஸ் ஆன காடி. வாங்கி ஒரு வாரம் நன்றாக ஓடியது, இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் மீட்டர் முதல் நாளிலிருந்து பாதியிலேயே நிற்கிறது. தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

பதில்: ராத்திரியில், மழையில், ரசீது இல்லாமல். இன்னும் கண்ணை மட்டும்தான் கட்டிக்கொள்ளவில்லை. பெயர் மாற்றச் சோதனையில் சேசிஸ் எண், இஞ்சின் எண் போன்றவற்றைப் பார்ப்பார்கள், மீட்டருக்கு அவர்கள் ஜாமீன் இல்லை. வியாபாரம் செய்யாத தனியாளிடம் வாங்கியதால் தீர்ப்பாயமும் கைகொடுக்காது.

அது போகட்டும். ஒரு வாரம் ஓடியும் முள் அசையவில்லை என்கிறீர்கள். அந்த ஒரு வாரத்தில் ஒரு தடவையாவது பெட்ரோல் ஊற்றினீர்களா? ஐந்து லிட்டர் ஊற்றிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.