ஊருக்குப் போகாத கிறிஸ்துமஸ்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். நான் தூத்துக்குடி மாவட்டத்து முதலூரில் பிறந்து வளர்ந்தவள். என் கணவர் சேலத்துக்குப் பக்கத்தில் சேர்வராயன் மலையில் ஒரு சிற்றூரில் உபதேசியாராக ஊழியம் செய்கிறார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில் குடும்பத்தோடு இங்கே வந்து சேர்ந்தோம். ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, இறங்கிய பிறகும் வெகுதூரம் நடக்க வேண்டும். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கிறது. எங்களுக்கு ஒன்பது வயதில் மகளும் ஐந்து வயதில் மகனும் இருக்கிறார்கள்.

இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகவில்லை. இங்குள்ள சில குடும்பங்களுக்கு இதுதான் முதல் கிறிஸ்துமஸ். அவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கணவர் கேட்டார். நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் டிசம்பர் பிறந்ததிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. ஊரில் இந்நேரம் பஜனை தொடங்கியிருக்கும். முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்கும் மணம் தெருவெல்லாம் இருக்கும். அத்தை வீட்டில் மஸ்கோத் அல்வா கிளறுவார்கள். பண்டிகையன்று ஆராதனை முடிந்து வந்தால் இருபது பேருக்குக் குறையாமல் பந்தியில் உட்காருவோம். இங்கே நாங்கள் நான்கே பேர். போன வாரம் மகள், "இங்கே நமக்கு யாரம்மா பலகாரம் தருவார்கள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ஊழியக்காரர் மனைவி இதற்கெல்லாம் வருந்தலாமா என்கிறார்கள் சிலர். யோசேப்பும் மரியாளும்கூட வெளியூரில்தானே இருந்தார்கள் என்று எடுத்துச் சொல்கிறார்கள். உண்மைதான், ஆனால் ஆறுதலாக இல்லை. 25ஆம் தேதி இந்த மலையூரில் எல்லாருக்கும் சாப்பாடு போட வேண்டும், பிள்ளைகளுக்குக் குறை தெரியாமல் வீட்டில் எல்லாம் முதலூரைப் போலவே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நினைக்கும்போதே களைத்துப்போகிறேன். பிள்ளைகளின் பண்டிகையை நாங்கள் பறித்துவிட்டோமா? பலகாரம் பார்சல் அனுப்பட்டுமா என்று அத்தை கேட்கிறார்கள். அதற்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

"நமக்கு யார் தருவார்கள்?" என்று உங்கள் மகள் கேட்கிறாள். நீங்களோ கடிதம் முழுவதும் யாருக்கு என்ன கொடுப்பது என்றே யோசித்திருக்கிறீர்கள். ஊருக்குச் சாப்பாடு, பிள்ளைகளுக்கு முதலூர், கணவருக்கு வாடாத முகம். நான் உங்கள் மகள் பக்கம் நிற்கிறேன். அவள் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள்.

முதலில் வருத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வருந்துங்கள். பிள்ளைகள் முன்னாலும் கொஞ்சம் வருந்துங்கள். பாட்டி வீட்டை நினைத்து அழுவது தப்பில்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும். ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரிகள் சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அந்த டிசம்பரில் அவர்கள் கையால் ஞானஸ்நானம் பெற்றவர் ஒருவர்கூட இல்லை. முதல் ஐந்து பேர் 1707 மே மாதத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றார்கள். உங்களுக்குப் பக்கத்தில் சேலத்திலேயே, லண்டன் மிஷன் வேலையை ஹென்றி கிறிஸ்ப் 1827இல் தொடங்கினார். அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் கப்பல் வர வேண்டும். டிசம்பரில் வீட்டுக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலை அடுத்த ஆண்டில்தான் எதிர்பார்க்க முடியும். நம் சபை வரலாறுகளில் பள்ளிகளின் எண்ணிக்கை இருக்கும், கோயில் கட்டிய ஆண்டு இருக்கும். அந்த வீடுகளின் டிசம்பர் மாதங்களைப் பற்றி அதிகம் இருக்காது. அதனாலேயே ஊழியக்காரர் வீட்டில் ஏக்கம் இருக்கக் கூடாது என்று நாம் நம்பத் தொடங்கிவிட்டோம்.

யோசேப்பு, மரியாள் விஷயத்துக்கு வருகிறேன். அதை உங்களிடம் சொன்னவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார்கள். பெத்லகேமில் மரியாள் யாருக்கும் விருந்து வைக்கவில்லை. குழந்தையைப் பெற்றுக் களைத்துக் கிடந்தவளைத் தேடி, இரவெல்லாம் மந்தையைக் காத்த மேய்ப்பர்கள் வந்தார்கள். பிறகு கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள். முன்பின் அறியாதவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

உங்களிடம் நான் சொல்ல விரும்புவதும் இதுதான். இந்தக் கிறிஸ்துமஸில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊழியக்காரர் ஏழைகளிடம் வாங்கலாமா என்று நீங்கள் தயங்குவீர்கள். என் தாய் அப்படித்தான் தயங்கினார். பிறந்த ஊரிலிருந்து வெகுதூரத்தில் ஒரு மிஷன் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர் அவர். பண்டிகையன்று வார்டில் ஒரு கட்டில் விடாமல் கேக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். பக்கத்துத் தெருவிலிருந்து யாராவது ஒரு கிண்ணத்தில் எதையாவது கொண்டுவந்தால், "உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று அன்பாகத் திருப்பி அனுப்பிவிடுவார். இல்லாதவர்களிடம் வாங்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஆனால் எங்கள் அடுப்படிவரை உரிமையோடு வந்து உட்கார்ந்த பெண் ஒருத்தியும் இல்லை. நாங்கள் வளர்ந்த ஊரில் எங்களுக்கு ஒரு சித்தியோ அத்தையோ வாய்க்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவள் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

எழுபது பேரை ஊழியத்துக்கு அனுப்பியபோது இயேசு சொன்னதை லூக்கா 10ஆம் அதிகாரத்தில் எடுத்துப் பாருங்கள். பையும் வேண்டாம், பாதரட்சையும் வேண்டாம், ஏற்றுக்கொள்ளும் வீட்டிலேயே தங்கி, அவர்கள் கொடுப்பதைச் சாப்பிடுங்கள் என்கிறார். கொடுக்கப் போகிறவர்களுக்கே முதலில் வாங்கிச் சாப்பிடச் சொல்லித்தான் அனுப்புகிறார். உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு முறம் மொச்சைக்காய் கொண்டுவந்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அவள் எதிரிலேயே உரித்து, அன்றே குழம்பு வையுங்கள். கேழ்வரகுக் களி கொடுத்தால் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அன்றிலிருந்து அவள் உங்களிடம் பாடம் கேட்க வரும் பிள்ளையின் தாய் மட்டுமல்ல, உங்கள் வீட்டுக்கு உறவும் ஆவாள்.

முதலூரைப் போலவே எல்லாம் இருக்க வேண்டும் என்கிறீர்கள். முதலூர் எப்படி உண்டானது என்று உங்களுக்குச் சிறுவயதிலேயே சொல்லியிருப்பார்கள். கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊர்களில் இருக்க முடியாமல் போன குடும்பங்களுக்காக, உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் 1799இல் முன்னின்று உண்டாக்கிய ஊர் அது. அங்கே முதல் கிறிஸ்துமஸுக்குக் கூடியவர்களில் ஒருவருக்கும் அது பிறந்த ஊர் இல்லை. அத்தை வீடு இல்லை, பழகிய தெரு இல்லை. மஸ்கோத் அல்வாகூட இலங்கைக்குப் போய்வந்தவர்கள் கொண்டுவந்த பலகாரம் என்றுதான் சொல்வார்கள். நீங்கள் ஏங்கும் அந்தப் பண்டிகையை வீடிழந்து வந்தவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்தும் வாங்கியும் உண்டாக்கினார்கள். நீங்கள் இருக்கும் மலையும் அப்படிப்பட்டதுதான். மலையாளி என்று அழைக்கப்படும், தமிழ் பேசும் அங்குள்ள பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். ஊரில் வயதான ஒருவரை வீட்டுக்கு அழைத்து, அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அதுவும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர்களும் உங்கள் வீட்டுக்கு வருவார்கள். வரட்டும். அவர்கள் இலையில் உட்காரும்போது பிரசங்கம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் கணவருக்கு இதில் உடன்பாடு இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட வந்தவர் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் போக வேண்டும். மூன்று வாரத்தில் பொங்கல் வரும், அப்போது அவர்கள் உங்களை அழைப்பார்கள். நீங்களும் குடும்பத்தோடு போங்கள்.

பண்டிகை நாளின் நேரத்தையும் அவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். ஊரில் அதிகாலை நான்கு மணிக்கு ஆலயமணி அடித்தால் தேரிக்காட்டு மணலில் நடந்து போய்விடலாம். இங்கே மார்கழிப் பனியில், கைக்குழந்தையோடு வருகிறவளுக்கு அது முடியாது. தவிர, மலையில் இது காப்பிப் பழம் பறிக்கும் காலம். காப்பியும் இந்த மலைக்கு வெளியிலிருந்து வந்ததுதான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் கொண்டுவந்து நட்டது. இன்று எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அதனால்தான். பழுத்த பழம் நமக்காகக் காத்திருக்காது. தினக்கூலிக்குப் போகிறவர்களில் பலர் 25ஆம் தேதியும் எஸ்டேட்டுக்குப் போக நேரலாம். ஆகவே ஆராதனையை மாலையில் வைத்து, பிறகு எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டால் ஒருவரும் விடுபடமாட்டார்கள். சாப்பாட்டையும் நீங்கள் ஒருத்தியே சமைக்க வேண்டாம். ஒரு வீட்டார் விறகு, ஒரு வீட்டார் காய், ஒரு வீட்டார் பெரிய பாத்திரம் என்று ஏற்றுக்கொள்ளட்டும். உங்கள் ஊர்ச் சபை விருந்தான அசனத்துக்கும் ஊரே சேர்ந்துதானே சமைக்கிறது?

அல்வாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒன்றே ஒன்று முதலூரிலிருந்து வரட்டும், அது அல்வாவாகவே இருக்கட்டும். சேலத்தில் இறங்கும் நாளில் தேங்காயும் மைதாவும் சர்க்கரையும் முந்திரியும் வாங்கி வந்துவிடுங்கள். மாவைப் பிசைந்து, ஊறவைத்து, கரைத்துப் பால் எடுப்பதை நீங்களே செய்யலாம். தேங்காய்ப்பாலை ஊற்றிக் கிளறத் தொடங்கினால் எண்ணெய் பிரிந்து வரும்வரை கரண்டியைக் கீழே வைக்க முடியாது. அது ஒருத்தி கையால் ஆகாத வேலை. அதனால்தான் அதைச் சொல்கிறேன். அண்டை வீட்டுப் பெண்களைக் கூப்பிடுங்கள். முறை வைத்துக் கிளறுங்கள். அந்தக் குளிரில் அடுப்பைச் சுற்றி உட்கார யாருக்குத்தான் கசக்கும்? பதம் தவறி இளகிப்போனாலும் பரவாயில்லை, கிண்ணத்தில் ஊற்றிக் கொடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றியும் பேச வேண்டும். டிசம்பரில் உபதேசியார் ஊருக்கெல்லாம் சொந்தம். பஜனை, வீடு சந்திப்பு, ஆராதனை ஆயத்தம், நோயாளிகளைப் பார்ப்பது என்று அவர் ஓடிக்கொண்டிருப்பார். இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு வந்து சேருவார். ஊரில் இருந்தவரை அப்பா இல்லாத இடத்தைத் தாத்தாவும் சித்தப்பாவும் நிரப்பியிருப்பார்கள், குறை தெரிந்திருக்காது. இங்கே தெரியும். பிள்ளைகளின் பண்டிகையைப் பறித்துவிட்டோமா என்று கேட்டிருந்தீர்கள். பாட்டி வீடு இல்லாததால் அது பறிபோகாது. அப்பாவும் இல்லாமல் போனால் பறிபோகும். 23ஆம் தேதி மாலையோ 26ஆம் தேதி முழுவதுமோ அவர் உங்கள் மூவருக்கு மட்டும் என்று இப்போதே பேசி வையுங்கள். அன்று ஏரிக்கு அழைத்துப் போகட்டும். ஒன்றும் செய்யாமல் வீட்டில் படுத்துக் கதை சொன்னாலும் போதும். யாராவது கதவைத் தட்டினால், "நாளைக்கு வருகிறேன்" என்று அவரே வெளியே வந்து சொல்ல வேண்டும். அதை உங்களைச் சொல்ல வைக்கக் கூடாது. இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ஊருக்குப் போன் பேசுவதை 25ஆம் தேதி காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே இருபது பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், இங்கே சிக்னல் விட்டுவிட்டு வரும், பிள்ளைகளுக்கு ஏக்கம்தான் மிஞ்சும். முதல் நாள் மதியம், சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று பாட்டியோடு மட்டும் பேசட்டும். கேட்பதற்கு ஒரு வேலையும் கொடுத்து அனுப்புங்கள். அல்வாவுக்கு எத்தனை தேங்காய், பதம் எப்படித் தெரியும் என்று மகள் கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். சின்னவனுக்குப் பாட்டி ஒரு பாட்டின் முதல் வரியைச் சொல்லிக்கொடுக்கட்டும்.

பார்சல் விஷயம். அனுப்பச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லி அவர்கள் மனத்தை நோகவைக்காதீர்கள். நீங்கள் வர முடியாமல் போனதில் அவர்களுக்கும் ஏக்கம் இருக்கும். பலகாரம் செய்து கட்டும் வேலையில் அது கொஞ்சம் ஆறும். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் வழியில் கெடாது. உடைந்து தூளாக வந்தாலும் பிள்ளைகளுக்கு ருசிதான். வந்ததில் பாதியை அன்றே அண்டை வீடுகளுக்கு அனுப்பிவிடுங்கள், மகள் கையால் அனுப்புங்கள். கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது யாரும் வெறுமையாகத் தரமாட்டார்கள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அப்படித்தான் வரும்.

ஜனவரியிலோ கோடை விடுமுறையிலோ ஊருக்குப் போகும்போது அத்தைக்கு மலை மிளகும், அரைத்த காப்பித் தூளும் கொண்டுபோங்கள். மொச்சை கிடைத்தால் அதையும் காயவைத்து ஒரு பை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நால்வருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்.

அன்புடன்,
அக்கா