டிசம்பர் மாத வாலிபால்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் பெண்கள் தேசிய வாலிபால் சாம்பியன்ஷிப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்தப் பக்கத்தை நிரப்பப் போதும். பல்கலைக்கழக அணியில் அடிப்பவர்களுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டராக ஆடியவள் நான். வாலிபால் என்றால் எனக்குப் பேச்சு நிற்காது. இந்த முறை வேறு எந்தக் கேள்விக்கும் இடமில்லை, மன்னிக்கவும்.

அக்கா, 64 அணிகள் ஆடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். அத்தனை பெரிய நாட்டில் இந்த 64-ஐ யார் பொறுக்குகிறார்கள்? – கல்லூரி மாணவி, திருச்சி

மேல்மட்டமான முதல் டிவிஷனில் மட்டும் முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள் இருக்கின்றனம்மா. அவை கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் வரை ஆடும். ஒவ்வொரு கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கும் நேரடி இடம். மீதி இடங்களை ஒரு தேர்வுக் குழு நிரப்பும். யாரை ஜெயித்தாய், எங்கே போய் ஜெயித்தாய் என்பதை எல்லாம் பார்ப்பார்கள். 1998 முதல் 64 அணிகள். கொரோனாவால் 2020 சீசன் தள்ளிப்போய், 2021 ஏப்ரலில் 48 அணிகளோடு ஒமாஹா நகரில் நடந்தது மட்டும் விதிவிலக்கு. அதில் கென்டக்கி ஜெயித்தது.

எல்லாமே நாக் அவுட். தொடர்ந்து ஆறு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை, ஒன்றில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் இரண்டு சுற்றும் தரவரிசையில் மேலே இருக்கும் 16 அணிகளின் சொந்த அரங்கில் நடக்கும். இது அநியாயம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்று மாதம் உழைத்துச் சம்பாதித்த உரிமை அது. அரையிறுதியும் இறுதியும் முன்கூட்டியே முடிவு செய்த நகரத்தில் நடக்கும்.

2024 அரையிறுதியில் பென் ஸ்டேட் முதல் இரண்டு செட்டையும் இழந்துவிட்டு நெப்ராஸ்காவை ஜெயித்ததே, அது எப்படி? நெப்ராஸ்கா பதற்றத்தில் விட்டுவிட்டதா? – வங்கி ஊழியர், மதுரை

பதற்றம் என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். 23-25, 18-25 என்று இரண்டு செட் போயிற்று. மூன்றாவதை 25-23 என்று பிடித்தார்கள். நான்காவதில் நெப்ராஸ்கா 22-16 என்று முன்னிலையில் இருந்தது. இன்னும் மூன்றே புள்ளி எடுத்தால் இறுதி ஆட்டம். அங்கிருந்து, இன்னும் ஒரு புள்ளி போனால் தோல்வி என்ற மேட்ச் பாயின்ட்டுகளைத் தாண்டி 28-26 என்று பென் ஸ்டேட் அந்த செட்டை எடுத்தது. ஐந்தாவது 15-13.

இந்த ஆட்டத்துக்குக் கடிகாரம் கிடையாது. ஃபுட்பாலில் முன்னிலை பெற்றவர்கள் நேரத்தைக் கடத்தலாம். வாலிபாலில் கடைசிப் புள்ளியை எடுத்துத்தான் தீர வேண்டும், சும்மா இருந்து ஜெயிக்க வழியே இல்லை. பின்தங்கிய அணி பயத்தை விட்டு சர்வீஸை இறுக்கிப் போட ஆரம்பித்தால், எதிரணியில் பந்தை முதலில் எடுப்பவளின் கை கொஞ்சம் தடுமாறும். பந்து வலைக்குப் பக்கத்தில் வராமல் நடுக் கோர்ட்டில் விழும். செட்டர் ஓடிப்போய் எடுத்தால் நடுவில் குதிப்பவளுக்கு வேகமான பந்து கொடுக்க முடியாது. ஓரத்துக்கு உயரத் தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அது எதிரில் இருப்பவர்களுக்கும் தெரியும். இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர் போய், வலைக்கு மேல் கைகளை உயர்த்தி பிளாக் போடுவார்கள். புள்ளி போனதும் நாம் ஸ்பைக் அடித்தவளைக் குறை சொல்வோம். ஆனால் அது போனது இரண்டு தொடுதலுக்கு முன்னாலேயே.

இதற்கு முந்தைய ஆண்டு இறுதி ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். ஒரே ஒரு தோல்வியோடு வந்த அதே நெப்ராஸ்காவை டெக்சாஸ் 25-22, 25-14, 25-11 என்று சாய்த்தது. சர்வீஸிலேயே பன்னிரண்டு நேரடிப் புள்ளிகள். முதல் பந்து சரியாக எழும்பவில்லை என்றால் எவ்வளவு நல்ல அணியும் இப்படித்தான் ஆகும்.

2024 பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பென் ஸ்டேட் இறுதியில் லூயிவில் அணியை 3-1 என்று ஜெயித்தது, அதுவும் லூயிவில் நகரத்திலேயே, இருபத்தோராயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னிலையில். பயிற்சியாளர் கேட்டி ஷூமாக்கர்-காலி. 1999-இல் இதே பல்கலைக்கழகத்துக்காக ஆடிக் கோப்பை வாங்கியவர். அந்த சீசனில் மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்துக்கொண்டே அணியை நடத்தினார். தலைமுடி இல்லாமல் கோர்ட் ஓரத்தில் நின்ற அவரைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. பெண்கள் ஆடும் இந்தப் போட்டி 1981-இல் தொடங்கியது. 43 முறை கோப்பையை வென்ற அணிகளுக்கு எல்லாம் ஆண்களே தலைமைப் பயிற்சியாளர்கள். 44-ஆவது முறைதான் ஒரு பெண். எதிரில் நின்ற லூயிவில் பயிற்சியாளர் டேனி பஸ்பூம் கெல்லியும் பெண். அன்று எந்தப் பக்கம் ஜெயித்திருந்தாலும் அந்தக் கதவு திறந்திருக்கும். இதற்கு இத்தனை வருடம் ஆகியிருக்கக் கூடாது என்பது என் ஆதங்கம்.

மேடம், நாங்கள் டெக்சாஸில் இருக்கிறோம். மகளுக்கு பதினான்கு வயது, ஐந்தடி மூன்று அங்குலம். வாலிபால் என்றால் உயிர். இந்த உயரத்தில் கல்லூரி அணி எல்லாம் கனவுதானா? – ஒரு தந்தை

சார், முதலில் சுவரில் பென்சில் கோடு போட்டு அவளை அளப்பதை நிறுத்துங்கள். அவளுக்கு முதல் பந்தை எடுக்கக் கற்றுக்கொடுங்கள்.

வலைக்கு முன்னால் நின்று அடிக்க உயரம் வேண்டும், அதில் சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் வேறு நிறச் சட்டையில் பின்வரிசையில் நிற்கிறாளே, லிபரோ, அவளுக்கு வேண்டியது கால் வேகமும் பந்து எங்கே வரும் என்று முன்கூட்டிப் படிக்கும் கண்ணும்தான். ஜஸ்டின் வோங்-ஒரான்டெஸ் என்ற பெண்ணைப் பற்றி மகளுக்குச் சொல்லுங்கள். ஐந்தடி ஆறு அங்குலம். 2015-இல் நெப்ராஸ்காவுக்குக் கோப்பை வாங்கிய அணியின் லிபரோ. டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் உள்ளரங்கு வாலிபாலில் முதன்முதலாகத் தங்கம் வென்றபோது அந்தப் போட்டியின் சிறந்த லிபரோ அவர்தான்.

கல்லூரி விதிகளும் உங்கள் மகளுக்குச் சாதகம். சர்வதேச ஆட்டத்தில் ஒரு செட்டுக்கு ஆறு முறைதான் ஆள் மாற்றலாம், இங்கே பதினைந்து முறை. அதனால் பின்வரிசைக்கு மட்டும் இறங்கும் தடுப்பாட்டக்காரிகளுக்கு நிறைய இடம் உண்டு. சர்வதேச விதியில் லிபரோ சர்வீஸ் போடக் கூடாது. இங்கே ஆட்டக்காரிகள் இடம் மாறி வரும் சுழற்சிகளில் ஒன்றில் போடலாம். 2024 முதல் இரண்டு லிபரோக்களை வைத்துக்கொள்ளவும் அனுமதி வந்துவிட்டது.

நடைமுறை விஷயம் இரண்டு. பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு ஜூன் 15 முதல்தான் முதல் டிவிஷன் பயிற்சியாளர்கள் மாணவியோடு நேரடியாகப் பேசலாம். அதுவரை பதில் வரவில்லையே என்று அவள் மனம் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களும் அவற்றில் 4-க்குக் குறைந்தது 2.3 சராசரியும் இல்லாவிட்டால் எவ்வளவு நன்றாக ஆடினாலும் முதல் ஆண்டில் களம் இறங்க முடியாது. படிப்பு ஒரு பக்கம், ஆட்டம் ஒரு பக்கம் என்று பிரித்து வைக்கிற நம் வீட்டுப் பழக்கம் இங்கே உதவாது.

செட்டர் கையில் பந்து இரண்டு முறை பட்டது கண்ணுக்கே தெரிகிறது, நடுவர் விசில் ஊதவில்லை. விதி மாறிவிட்டதா? – உடற்கல்வி ஆசிரியர், சேலம்

மாறிவிட்டது சார். 2024 முதல் என்.சி.ஏ.ஏ. பெண்கள் ஆட்டத்தில் அணியின் இரண்டாவது தொடுதலில் பந்து ஒரே ஆளின் கையில் அடுத்தடுத்துப் பட்டாலும் தவறில்லை, பந்து அவர்கள் பக்கமே இருக்க வேண்டும். வலையைத் தாண்டிப் போனால் விசில்தான். நடுவருக்கு நடுவர் தீர்ப்பு மாறுகிறது, ஆட்டம் அறுபடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விரல் நுனியில் பந்தைச் சத்தமில்லாமல் வாங்கி அனுப்ப நாங்கள் மணிக்கணக்கில் பழகினோம். மோசமான பந்தையும் சுத்தமாகத் தூக்குபவளுக்கும், எப்படியோ தள்ளிவிடுபவளுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு விதியில் மதிப்பு இருக்க வேண்டும். உங்கள் மாணவிகளுக்குப் பழைய முறையிலேயே சொல்லிக்கொடுங்கள், தயவுசெய்து.

பெண்கள் வாலிபாலுக்கு அங்கே ஆண்கள் வாலிபாலைவிடக் கூட்டம் அதிகமாமே, நம்ப முடியவில்லை. – இல்லத்தரசி, கோயம்புத்தூர்

நம்புங்கள். 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தன் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தின் நடுவில் கோர்ட் போட்டு ஓர் ஆட்டம் நடத்தியது. வந்தவர்கள் 92,003 பேர். அதற்கு முந்தைய ஆண்டு பார்சிலோனாவில் பெண்கள் கால்பந்து ஆட்டத்துக்கு வந்த 91,648 பேர் என்ற கணக்கை அது தாண்டியது.

இதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று 1972-இல் வந்த டைட்டில் நைன். ஆண்களின் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு மட்டும் 85 உதவித்தொகை கொடுத்த பல்கலைக்கழகங்கள் பெண்கள் பக்கத்தையும் ஈடுகட்ட வேண்டி வந்தது. அப்படித்தான் பெண்கள் வாலிபாலுக்கு 12 முழு உதவித்தொகைகள் என்ற கணக்கு நெடுங்காலம் இருந்தது. ஆண்கள் வாலிபாலுக்கோ நாலரை. பணம் வந்தது, முழுநேரப் பயிற்சியாளர்கள் வந்தார்கள், பள்ளிச் சிறுமிகள் வந்தார்கள். பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். ஆட்டத்தை முதலில் நடத்த வேண்டும், அதுவும் வருடா வருடம், நல்ல அரங்கில், காசு செலவழித்து. நெப்ராஸ்காவில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. அந்த மாநில மக்கள் இந்தப் பெண்களைத்தான் தங்கள் அணி என்று வரித்துக்கொண்டார்கள். 2001 முதல் அவர்கள் அரங்கில் டிக்கெட் மிஞ்சியதே இல்லை.

அதிகக் கோப்பை யாரிடம்? – பள்ளி மாணவன், நாகர்கோவில்

2024 வரைக்குமான கணக்கில் ஸ்டான்ஃபோர்ட் 9, பென் ஸ்டேட் 8, நெப்ராஸ்கா 5. முதல் கோப்பை 1981-இல் யு.எஸ்.சி. என்ற தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு. 1988-இல் டெக்சாஸ் ஜெயிக்கும் வரை கலிஃபோர்னியா, ஹவாய் மாநில அணிகள் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

நீங்கள் பார்த்ததில் மிகச் சிறந்த கல்லூரி அணி எது, அக்கா? – முன்னாள் மாநில வீராங்கனை, ஈரோடு

எண்ணிக்கையைக் கேட்டால் 2008 பென் ஸ்டேட். 38 ஆட்டம், 38 வெற்றி. அரையிறுதி வரை ஒரு செட்கூட இழக்கவில்லை. 2007-இலிருந்து 2010 வரை தொடர்ந்து 109 ஆட்டம் ஜெயித்த கூட்டம் அது, வரிசையாக நான்கு கோப்பை.

ஆனால் என் மனசு 1998 லாங் பீச் ஸ்டேட் பக்கம்தான். 36-0, அதுவரை எந்த அணியும் தோற்காமல் இந்தக் கோப்பையை வாங்கியதில்லை. செட்டர் மிஸ்டி மே. அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் கெர்ரி வால்ஷ் 1996, 1997 கோப்பைகளை வாங்கியவர். பிறகு இருவரும் ஜோடி சேர்ந்து கடற்கரை வாலிபாலில் 2004, 2008, 2012 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள். மிஸ்டி மே கடற்கரை மணலில் கொடுத்த செட்டுகளைப் பாருங்கள், உள்ளரங்கில் பழகிய கை தெரியும்.

இந்த டிசம்பரில் முதல்முறையாக நேரில் போகிறேன். அரையிறுதியா, இறுதியா? எங்கே உட்காரலாம்? – மென்பொருள் பொறியாளர், சிகாகோ

ஒரு நாள்தான் முடியும் என்றால் அரையிறுதி நாள். இரண்டு ஆட்டம், நான்கு அணிகள். நடுக்கோட்டுக்கு நேராக இருக்கும் விலை உயர்ந்த இருக்கை வேண்டாம், அங்கிருந்து பந்து இடமும் வலமும் போவது மட்டும்தான் தெரியும். சர்வீஸ் போடும் முனையில் எல்லைக்கோட்டுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் உட்காருங்கள். பிளாக் போடும் இரண்டு பேருக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி, அதைப் பார்த்துத்தான் அடித்தாளா, பின்னால் நிற்பவள் அந்த இடைவெளியில் வந்து நின்றாளா, எல்லாம் அங்கிருந்துதான் தெரியும். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள், வார்ம்-அப்பில் யார் சர்வீஸ் எந்தப் பக்கம் வளைகிறது என்று தெரிந்துவிடும். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.