ஞானஸ்நானம் பெற்றவர் ஏன் திரும்பிப் போகக் கூடாது?

கேள்வி: கலிபோர்னியாவின் பூர்வகுடிகள் தாங்களாக விரும்பித்தானே ஞானஸ்நானம் பெற்றார்கள்? விவசாயம், நெசவு, தச்சு எல்லாம் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் எதற்காக, புனிதர் பட்டம் பெற்ற ஸ்பானியப் பாதிரியார் ஹூனிப்பெரோ செர்ராவின் சிலைகளைக் கவிழ்க்கிறார்கள்?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: விரும்பி வந்தவர்கள் விரும்பியபோது போக முடிந்ததா? அதைக் கேளுங்கள். முடியவில்லை. 1769இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் முதல் மிஷனை, அதாவது ஞானஸ்நானம் பெற்றவர்களைப் பாதிரியார்கள் தங்கவைத்து வேலைவாங்கிய குடியிருப்பை, நிறுவிய செர்ரா, 1773இல் மெக்சிகோ நகரத்துக்கே போய் ஸ்பெயின் மன்னரின் பிரதிநிதியான வைஸ்ராய் புக்காரேலியிடம் அதிகாரம் வாங்கி வந்தார். ஞானஸ்நானம் பெற்றவர்களை, தகப்பன் பிள்ளைகளை நடத்துவதுபோல, பாதிரியார்களே நடத்தலாம், தண்டிக்கலாம். அதன்பின் சொந்த ஊருக்குப் போகவே அனுமதி வேண்டும். சொல்லாமல் போனவரைப் பிடித்துவரச் சிப்பாய்கள் கிளம்புவார்கள். பிடிபட்டால் சவுக்கடி, விலங்கு. மணமாகாத பெண்களை இரவில் அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

இது எதிரிகள் கட்டிய கதையல்ல. 1780இல் ஆளுநர் பெலிப்பே டி நேவேக்கு எழுதிய கடிதத்தில், ஆன்மிகத் தந்தையர் பூர்வகுடிகளை அடித்துத் திருத்துவது அமெரிக்கக் கண்டங்களை வென்ற நாள்தொட்டு வரும் வழக்கம்தான் என்று செர்ராவே நியாயம் சொல்கிறார். 1786இல் கலிபோர்னியாவின் மான்டெரேக்கு வந்த பிரெஞ்சு மாலுமி லாப்பெரூஸ், கத்தோலிக்க மன்னன் அனுப்பிய ஆள். அவருக்கே அந்த மிஷனைப் பார்த்ததும் கரீபியன் தீவின் அடிமைத் தோட்டங்கள் நினைவுக்கு வந்தன.

'விருப்பம்' எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். ஸ்பானியரின் மாடுகளும் குதிரைகளும், அந்த மக்கள் உண்டு வாழ்ந்த புல்விதைகளை மேய்ந்து தீர்த்தன. விதை செழிக்க அவர்கள் புல்வெளிக்குத் தீ வைக்கும் பழக்கத்தையும் 1793இல் ஆளுநர் தடை செய்தார். கூடவே புதுப்புது நோய்கள். பசித்த குடும்பம் மிஷனின் கஞ்சியைத் தேடி வந்ததை மனமாற்றம் என்று எழுதிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 1775இல் குமேயாய் மக்கள் சான் டியாகோ மிஷனைக் கொளுத்தினார்கள். லூயிஸ் ஹாய்மே என்ற பாதிரியார் கொல்லப்பட்டார். 1824இல் சுமாஷ் மக்கள் மூன்று மிஷன்களில் கிளர்ந்தெழுந்தார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும்!

செர்ராவின் நல்லதையும் சொல்லவேண்டும். அந்த 1775 கொலைக்காக யாரையும் தூக்கிலிட வேண்டாம் என்று மன்றாடியவர் அவர். பெண்களைச் சீரழித்த சிப்பாய்களை எதிர்த்து முறையிட்டவரும் அவரே. அதனால் சவுக்கு இல்லையென்று ஆகிவிடாது.

2015 ஜூலையில் போப் பிரான்சிஸ் பொலிவியாவில், அமெரிக்கக் கண்டங்களை வென்றபோது பூர்வகுடிகளுக்கு இழைத்த குற்றங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். செப்டம்பரில் அவரே செர்ராவைப் புனிதராக்கினார், பூர்வகுடித் தலைவர்கள் பலர் வேண்டாமென்று கேட்டும். 2020இல் சிலைகள் சாய்ந்தது இந்தக் காயத்தில்தான்.

விவசாயம் கற்றார்கள் என்கிறீர்கள். 1830களில், அப்போது கலிபோர்னியாவை ஆண்ட மெக்சிகோ அரசு மிஷன்களைக் கலைத்தபோது அவற்றின் நிலத்தில் பெரும்பகுதி பண்ணையார்களுக்குப் போனது. உழுதவர்களில் பெரும்பாலோர் அந்தப் பண்ணைகளிலேயே கூலிகளானார்கள்.