வெப் தொலைநோக்கியும் வண்ணங்களும்

அன்புள்ள ஐயா,

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் படங்களை ஆசையாகச் சேமித்து வைத்திருந்தேன். அந்த வண்ணங்கள் எல்லாம் கணினியில் பூசியவை என்று நண்பர் ஒருவர் சொல்லிவிட்டார். வெப் பார்க்கும் அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்கே தெரியாதாமே. அப்படியென்றால் நாம் பார்ப்பதில் எது நிஜம்? ஹப்பிள் இருக்கும்போது இது எதற்கு? இன்னும் பெரிதாக ஒன்று செய்தால் பெருவெடிப்பையே பார்த்துவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர் சொன்னது உண்மைதான். ஆனால் 'பூசியவை' என்பது கொஞ்சம் அநியாயம். வெவ்வேறு வடிகட்டிகள் வழியே எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் அலைநீளம் குறைந்ததற்கு நீலம், கூடியதற்குச் சிவப்பு என்று வரிசைப்படி நிறம் தருகிறார்கள். எவ்வளவு அடர்த்தி என்பதில் அழகுணர்ச்சி புகுந்துகொள்ளும். வரிசையில் பொதுவாகக் கைவைப்பதில்லை.

அந்தப் படங்கள்மேல் எனக்கு வேறொரு குறை உண்டு. அவற்றின் அழகில் வெப்பின் முக்கியமான வேலை மறைந்துபோகிறது. அந்த வேலை நடப்பது நிறமாலையில். வந்த ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து, எது எவ்வளவு வந்தது என்று வரையும் கோடு அது. மேடும் பள்ளமுமாக இருக்கும், யாரும் அதைச் சுவரில் மாட்டமாட்டார்கள்.

2024இல் அறிவிக்கப்பட்ட ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற விண்மீன் திரளை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிறமாலையில் ஏறத்தாழ 1.85 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே ஒளியே இல்லை. சட்டென்று அறுந்துவிடுகிறது. ஹைட்ரஜன் விழுங்கிய ஒளி அது. உண்மையில் அந்த வெட்டு விழ வேண்டிய இடம் 0.1216 மைக்ரான், அதாவது புற ஊதா. ஒளி பயணப்பட்ட காலத்தில் பிரபஞ்சம் விரிந்து அலையைப் பதினைந்து மடங்கு இழுத்துவிட்டது. அந்த விகிதத்திலிருந்து, பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்குப் பிறகு புறப்பட்ட ஒளி என்று கணக்கிடுகிறார்கள். ஹப்பிளின் பார்வை 1.7 மைக்ரானோடு முடிகிறது. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்தத் திரள் அதற்குத் தெரியாது.

பின்னர் சிலியிலுள்ள அல்மா வானொலித் தொலைநோக்கி அதே திரளில் ஆக்சிஜனைக் கண்டது. ஆக்சிஜன் நட்சத்திரங்களுக்குள் சமைவது. ஆகவே அதற்கும் முன்பே ஒரு தலைமுறை நட்சத்திரங்கள் பிறந்து, எரிந்து, வெடித்திருக்க வேண்டும். இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பிரகாசமான திரள்களைப் பெரும்பாலான கணிப்புகள் எதிர்பார்க்கவில்லை. உடனே 'பெருவெடிப்புக் கொள்கை பொய்த்தது' என்று தலைப்புப் போட்டார்கள். என்னைக் கேட்டால், திருத்த வேண்டியது நட்சத்திரங்கள் பிறந்த வேகத்தைப் பற்றிய கணக்கைத்தான்.

இதற்கெல்லாம் கடுங்குளிர் வேண்டும். சூடான எந்தப் பொருளும் தானே அகச்சிவப்பை உமிழும். கண்ணாடியே ஒளிர்ந்தால், தீப்பந்தம் பிடித்துக்கொண்டு மின்மினியைத் தேடிய கதைதான். எனவே பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, ஐந்தடுக்குத் திரையின் நிழலில் 6.5 மீட்டர் ஆடியை வைத்திருக்கிறார்கள். அதிக அலைநீளங்களைப் பார்க்கும் மிரி கருவிக்கு அதுவும் போதாமல் தனிக் குளிரூட்டி. அது வேலை செய்வது ஏறத்தாழ மைனஸ் 266 டிகிரி செல்சியஸில்.

அருகில் வந்தாலும் இதே நிறமாலைதான் பேசுகிறது. வாஸ்ப்-39பி என்ற கோள் தன் நட்சத்திரத்தின் முன்னே கடந்தபோது 4.3 மைக்ரானில் ஒளி குறைந்தது. கார்பன் டைஆக்சைடு விழுங்கும் அலைநீளம் அது. கோளின் காற்றில் அந்த வாயு இருப்பது 2022இல் தெளிவானது. டிராப்பிஸ்ட்-1பி என்ற பாறைக்கோளில் கோளின் சூட்டையே அளந்தார்கள். பகல் பக்கம் சுமார் 230 டிகிரி. வெப்பத்தை இரவுப் பக்கத்துக்குக் கொண்டுபோகக் காற்று மண்டலம் அநேகமாக இல்லை என்று அதிலிருந்து தெரிகிறது.

பெருவெடிப்பைப் பார்க்க முடியாது. முதல் 3,80,000 ஆண்டுகள் பிரபஞ்சம் ஒளி ஊடுருவாத மூட்டமாக இருந்தது. அது தெளிந்தபோது புறப்பட்ட ஒளி இன்று நுண்ணலையாக நீண்டுவிட்டது. கோபே, பிளாங்க் என்ற விண்கலங்கள் அதை ஏற்கெனவே படமெடுத்தாயிற்று. அதற்கும் முதல் நட்சத்திரங்களுக்கும் இடைப்பட்ட இருண்ட காலத்தில் இருந்தது பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். அந்த ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலை இப்போது பல மீட்டர்களாக நீண்டிருக்கும். அதைத் தேட வேண்டியவை வானொலி அலைவாங்கிகள். ஆடியை எவ்வளவு பெரிதாக்கினாலும் அங்கே பயனில்லை.

படங்களை அழித்துவிடாதீர்கள்.